ஆஞ்சியோ அறையில் ஹாரன் கேட்ட அப்பா

மக்களே, அப்பாவுக்கு அடைப்பு இல்லை! சந்தோஷத்தில் அவசரமாகத் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்பா வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு இறக்கும் டெம்போ டிரைவர். கொஞ்ச நாளாக நெஞ்சு வலி என்றதால் இன்று ஆஞ்சியோ எடுத்தோம்.

அதற்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. திரையில் தன் இதய ரத்தக்குழாய் தெரிந்ததும் டாக்டரிடம் சொன்னாராம்: "சார், வளைவு ஜாஸ்தியா கீது. ஹாரன் அடிச்சிக்கினு மெதுவா போங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார்.

"அவர் பார்த்தது சரிதாம்மா. குழாய் முறுக்கிக்கிட்டு இருக்கு. வயசாகி, பிபியும் இருந்தா இப்படி ஆகறதுண்டு. பெரும்பாலும் பயமில்லை. ஆனா பிபி ஏறினா, ரொம்ப சிரமப்பட்டா, வலி வரலாம். மாத்திரையை விடக்கூடாது, உப்பைக் குறைக்கணும்."

அப்பாவிடம் சொன்னேன்.

"மலை ரோடுன்னா வளையத்தான் செய்யும். மண்ணு சரிஞ்சி வழிய அடைக்கலியே, அது போதும்மா."

அங்கேயே அழுதுவிட்டேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு வந்து, வீட்டில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தேன்.

"ஊறுகா எங்க?"

"அப்பா, உப்பு!"

"இன்னிக்கு ஒரு நாளுதானே, இன்னா ஆயிடும்?"

எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் நிதானம் தவறாத மனுஷனுக்கு ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தால் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை!

பாட்டிலை ஒளித்துவைக்க நல்ல இடம் சொல்லுங்கள். இன்பாக்ஸில் மட்டும். கமெண்ட்டை அப்பா படிப்பார்.