லைனை நிறுத்திய அன்று

1. மெஷினிலிருந்து எழும்பினேன்

வெள்ளிக்கிழமை வரை நான் மெஷினில் உட்கார்ந்து கழுத்துப்பட்டி தைத்தவள். திங்கட்கிழமை அதே தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர்.

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு கார்மென்ட் பெக்டரி. கைக்குழந்தைகளின் உடுப்புத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். நான் பன்விலப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். லைனில் முக்கால்வாசிப் பேர் சிங்களப் பிள்ளைகள். எனக்கு முன்பிருந்த குசும் அக்கா சவூதிக்குப் போய்விட்டார். அவர் ஒரு சத்தம் போட்டால் லைனே நிமிர்ந்து உட்காரும். அவருடைய இடத்துக்கு என்னை ஏன் போட்டார்கள்? வேலை தெரிந்தவள் என்றா, இரண்டு பாஷையும் பேசுவேன் என்றா, வேறு ஆள் அகப்படவில்லை என்றா? யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

புரொடக்ஷன் மெனேஜர் ரஹீம் சேர் அக்குறணை ஆள். டார்கட் குறைந்தால் மற்ற சூப்பர்வைசர்களுக்கு நின்ற இடத்திலேயே ஏசுவார். என்னிடம் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

“எந்த எடத்துல முட்டுது செல்வி? சொல்லுங்க, பாப்பம்.”

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, சந்தேகம்தான் வந்தது. ஏசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரோ? தோட்டத்துப் பிள்ளை, பாவம் என்று நினைக்கிறாரோ? ஒரு நாளாவது எனக்கும் ஏசமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள்.

2. நுனியைக் காணவில்லை

கொழும்பிலிருந்து லொறி வந்து முற்றத்தில் நின்ற நாள் அது. கடைசிப் பெட்டிகள் நிறைந்துகொண்டிருந்தன. சந்திரிகா என்ற ஒப்பரேட்டர் எழும்பி என்னிடம் ஓடி வந்தாள். அவளுடைய மெஷினில் ஊசி உடைந்திருந்தது. மேல்பாதி கையில் இருந்தது. நுனியைக் காணவில்லை.

கார்மென்டில் இதற்குச் சட்டம் ஒன்றுதான். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். அவற்றை ஒரு அட்டையில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் வேலை தொடரலாம். நுனி துணிக்குள் போயிருந்தால் அது ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் போய் நிற்கும். உலோகம் காட்டிக்கொடுக்கும் மெஷின் அப்போது எங்களிடம் இல்லை. கையில் பிடிக்கிற காந்தமும் கண்ணும்தான்.

மெக்கானிக் சிவா அண்ணன் மெஷினைக் கழற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை. என் காதருகில் குனிந்தார்.

“தங்கச்சி, எங்கிட்ட பழைய நுனி ஒண்ணு கெடக்கு. அதை ஒட்டிட்டு லைனை ஓட விடு. லொறி நிக்குது. நீ வேற புதுசு.”

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியென்றே பட்டது. அடுத்த நிமிஷம் சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு வீட்டில் பால்குடிப் பிள்ளை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைனை நிப்பாட்டுங்க” என்றேன். சிங்களத்திலும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சேரின் அறைக்குப் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே எழுந்து வந்தார். காந்தத்தை எடுத்துக்கொண்டு சந்திரிகாவின் மெஷினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கட்டிய பெட்டிகள் எல்லாம் திரும்பப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு சட்டையாகத் தடவித் தடவிப் பார்த்தோம். வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். பிறகு வெறும் லொறியை எடுத்துக்கொண்டு போனார்.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து டெலிபோன் வந்தது. சேர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். லைனை நிறுத்தியது தாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் நுனி கிடைத்தது. சந்திரிகாவின் ரப்பர் செருப்பின் அடியில் குத்திக்கொண்டு இருந்தது. எந்த உடுப்புக்குள்ளும் அது போகவே இல்லை.

“பார்த்தியா, சும்மா ஒரு லொறி போச்சு” என்றார் சிவா அண்ணன்.

3. சேரிடம் கேட்டது

நான் செய்தது சரியா, பிழையா? குழந்தைக்கு ஆபத்து இருக்கவில்லை. ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? சரியென்றால் பயம் ஏன் இன்னும் போகவில்லை? இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நேரே சேரிடம் போய்க் கேட்டேன்.

“நிப்பாட்டுனது நான். நீங்கன்னு ஏன் சேர் சொன்னீங்க? எனக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரியாதுன்னா?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“நீங்க நிப்பாட்டினீங்க. நான் வேணாம்னு சொல்லல்ல. அப்ப அது என்ட முடிவுதானே? கொழும்புல ஏச்சு வாங்கத்தான் எனக்கு இந்தக் கதிரை.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் ஏசுறதில்ல?”

“மத்தவங்களுக்கு ஏசினா திருப்பி ஏசுவாங்க. உங்களுக்கு ஏசினா நீங்க வாய மூடிருவீங்க. நீங்க வாய மூடினா, இன்டைக்கு நுனியக் காணல்லன்டு எனக்கு யார் வந்து சொல்ற?”

எனக்கு மேலும் குழம்பியது. அப்படியானால் இது அன்பா, கெட்டித்தனமா?

“பிழையா செஞ்சிட்டேனோன்னு பயமா இருக்கு சேர்.”

“எனக்கும்தான். நாளைக்கு இன்னொரு ஊசி ஒடைஞ்சா என்ன செய்வீங்க?”

“நிப்பாட்டுவேன்.”

“பயத்தோடயா?”

“பயத்தோடதான்.”

“அது போதும். போங்க, பஸ் போயிரும்.”

பிற்காலத்தில் பல லைன்கள் ஓடும் ஒரு முழு புளோருக்கே பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றேன். என்னை ஏன் தெரிவு செய்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. சேர் நல்ல மனதால் அப்படி இருந்தாரா, கணக்குப் போட்டு இருந்தாரா என்பதும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று சில நாள் தோன்றும். சந்தேகம் தீர்ந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று நான் காத்திருந்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிற பிள்ளைகளுக்கு நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. கெட்ட செய்தியோடு யாராவது உங்களைத் தேடி வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் உங்களிடம் வந்து சேர்வதற்கு எவ்வளவு பயத்தைக் கடந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.