நாலுக்கு ஒரு வெள்ளை

அன்று வாசலில் நின்றவர்கள்: நான், என் நாத்தனார் வசந்தா, பக்கத்து வீட்டு ராமாயி அக்கா, பல் குத்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தலைவர்.

போன கிழமை கொட்டகலையில் பஸ்சுக்கு நிற்கும்போது ரோட்டோரம் அந்திமந்தாரை பூத்திருந்தது. ரோஸ் நிறம். வாசம் வந்ததும் அவர்களும் நினைவில் வந்துவிட்டார்கள்.

லயத்துக்குக் கரண்டு வந்த வருசம். என் வாசலில் சிவப்பு அந்திமந்தாரை, அக்கா வாசலில் வெள்ளை. அந்த விதை, டயகமவில் கட்டிக்கொடுத்த அவர் மகள் கொண்டுவந்தது. மகள் பிரசவத்தில் போய்விட்டாள். அக்கா யாருக்கும் ஒரு விதை கொடுக்கமாட்டார். என் பக்கத்தில் ரோஸ் தானாக முளைத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருசம் ரோசுக்கு அடியில் ஒரு வெள்ளை பூத்தது.

"எம் மக வெதைய களவெடுத்துட்டியேடி!"

பேச்சு நின்றது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்திலிருந்து என் பிள்ளையைத் தூக்கிவருவது அக்காதான். அதுவும் நின்றது. எல்லாரும் தண்ணி பிடிக்கும் பீலியில் எனக்குக் கள்ளி என்று பேர்.

வசந்தா ஹட்டன் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்தாள். அக்காவுக்கு முன்னால் கரித்துண்டால் வாசல் சிமெந்தில் நாலு கட்டம் போட்டாள்.

"செடிக்கு நெறம் ரெண்டு பங்கு, பெரியம்மா. தாய்கிட்ட ஒண்ணு, தகப்பன்கிட்ட ஒண்ணு. சிவப்புல ரெண்டும் சிவப்பு. வெள்ளையில ரெண்டும் வெள்ளை. ரோசுல ஆளுக்கொண்ணு. ரோசும் ரோசும் சேந்தா நாலுக்கு ஒண்ணு வெள்ளை வரும்."

"கட்டம் போட்டு எனக்கே கத விடுறியா?"

"வெதச்சுப் பாத்துருவோம்" என்றார் விசாரிக்க வந்த தலைவர். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

வேறு பூவின் தூள் ஏறாமல் ரோஸ் மொட்டுகளுக்குத் துணி கட்டினோம். முடிச்செல்லாம் அக்கா போட்டது. எனக்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சு. விதையை அவரே எடுத்து, தேயிலை நாத்துப் பைகளில் பைக்கு ஒன்றாக அவர் வாசலிலேயே போட்டார். நான் தொடவில்லை. பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்வந்தேன்.

எல்லாம் பூத்த அன்றுதான் நாலு பேரும் நின்றது. அக்கா குனிந்து எண்ணினார். எண்ணி முடித்தும் நிமிரவில்லை.

"அப்ப இவ ரோசுக்கு மொதல்ல வெள்ளை எங்கருந்து வந்துச்சு?"

"ஒங்க செடியிலருந்துதான் பெரியம்மா. பூச்சி கொண்டாந்துச்சு."

"அப்ப அதுல பாதி எம் மவளோடது."

"ஆமாங்கக்கா" என்றேன்.

"பூச்சியப் புடிச்சு விசாரிங்க தலைவரே" என்றார் அக்கா. மறுநாள் பிள்ளையை அவர்தான் தூக்கிவந்தார்.

இப்போது அக்கா இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். அந்த வாசல் இருந்த இடத்தில் தேயிலை.

அன்று அக்கா எண்ணிய பை இருபத்திரண்டு. சிவப்பு ஐந்து, ரோஸ் பதினொன்று, வெள்ளை ஆறு.