மகளின் எலும்பு சொன்ன வயது

ஒவ்வொரு ஜூன் மாதமும் மகள் மோனிஷாவின் பள்ளிப் பாவாடையில் மடிப்பைப் பிரித்துவிடுவேன். இந்த ஜூனில் பிரிக்கத் தேவையே வரவில்லை. திண்டிவனம் பள்ளியில் நெட்டையாகக் கடைசி பெஞ்சில் இருந்தவளை இரண்டாவது வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். வயது பத்தரை.

பிராய்லர் கோழி மேல் சந்தேகப்பட்டேன். நாத்தனார் கண் மேல் சந்தேகப்பட்டேன். விழுப்புரத்தில் ஹார்மோன் டாக்டரைப் பார்த்ததும் அவர் மேலும் சந்தேகம். வளரவில்லை என்று போனால் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்! இதென்ன கூத்து என்று கணவரின் காதைக் கடித்தேன்.

“எப்பம்மா வயசுக்கு வந்தா?”

“போன தை மாசம்ங்க. எங்க சொந்த ஊரு கெடார்ல எல்லாரையும் கூட்டி மஞ்ச நீராட்டு வச்சோம்ங்க.”

எக்ஸ்ரேயில் எலும்பு வயது (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) பதிமூன்றைத் தாண்டியிருந்தது. “தையிலதான் வந்தான்னா எலும்பு இவ்ளோ முத்தியிருக்காதே. நீங்க சொல்றது ஒத்து வரலையே” என்றார் டாக்டர்.

“மெஷின்ல கோளாறு இருக்கும்ங்க.”

மோனிஷா தலையைத் தூக்கினாள். “நாலாவது படிக்கும்போதே வந்துட்டேன் டாக்டர். அம்மாதான் யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க.”

“என்கிட்டகூடவா மறைச்சிக்கினு இருந்த?” என்றார் கணவர்.

ஆமாம், மறைத்தேன். எட்டரை வயதில் அது நடந்தபோது அரண்டுபோனேன். சொந்தக்காரர்கள் என்னென்ன பேசுவார்களோ! ஒன்றரை வருடம் கழித்து, மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை முடிந்த தையில், அப்போதுதான் வந்ததாக அவளையும் பொய் சொல்ல வைத்து சடங்கு நடத்தினேன்.

“சீக்கிரம் வயசுக்கு வர்ற பிள்ளைங்க மொதல்ல மளமளன்னு வளரும். எலும்பு முனையும் சீக்கிரமே மூடிக்கும், அதோட உயரம் நின்னுடும். அப்பவே வந்திருந்தா ஊசி போட்டுத் தள்ளிப்போட்டிருக்கலாம். இனிமே பெருசா பலன் இருக்காதும்மா” என்றார் டாக்டர். மற்ற சோதனைகளில் கோளாறு எதுவும் இல்லை. பழி சொல்ல எனக்கு வேறு யாரும் மிஞ்சவில்லை. பாவி, என் பிள்ளைக்கு நானே செய்தேன்.

பெற்றவர்களே, எட்டு வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கினால் ஊர் வாய்க்குப் பயப்படாமல் டாக்டரிடம் போங்கள். கேட்டால் உண்மையான தேதியைச் சொல்லுங்கள்.

இப்போது மாதாமாதம் சுவரில் அவள் உயரத்தைக் குறிக்கிறேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்குள் பதிமூன்று வயது எலும்பு. அவளுடைய வருடங்களை எங்கிருந்து எண்ணுவதென்றே எனக்குத் தெரியவில்லை.

போன முறை கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் தேதி எழுதப் போனேன்.

“இந்தத் தேதியாவது சரியா எழுதும்மா” என்றாள் மோனிஷா.

எழுதினேன். காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவள் விளையாடப் போனாள்.