மேஸ்திரி காத்த இடம்

நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஓரத்தில் ஓட்டை போட்டு, அழுக்கேறிய கயிறு கோத்திருக்கும். ஓசூரில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில், வாசலில் செல்போனைக் கொடுத்தால் செக்யூரிட்டி அண்ணன் அதை மரப்பெட்டியில் ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டு இந்த டோக்கனைத் தருவார். ஷிஃப்ட் முடியும்வரை வெளியுலகத்தோடு நமக்குள்ள ஒட்டும் உறவும் அவ்வளவுதான். நான் அதைப் பேன்ட் பையில் போட்டு மறந்துவிடுவேன். கேப்டன் அக்கா மட்டும் ஐ.டி. கார்டோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, லைனில் நிற்கும்போது அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கேப்டன் என்பது தொழிற்சாலை கொடுத்த பதவி அல்ல. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, மத்திகிரியில் வாடகை அறையில் தங்கியிருந்தவர் அவர். இரவு ஷிஃப்ட் வாரங்களில், அறையில் இருந்த மற்ற பெண்கள் வேலைக்குக் கிளம்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். இவர் எழுந்தால் பேச ஆள் இருக்காது. செல்போனில் அணி சேர்ந்து ஆடும் சுடுகிற விளையாட்டில் அவர் புலி. ஓசூர், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை என்று ஆடுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஓர் அரட்டைக் குழு தொடங்கி, அதன் அணிக்குக் கேப்டன் ஆனதும் அவர்தான். அங்கே சண்டை தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் முற்றி, தெலுங்கில் சமாதானம் ஆகும். இந்த ஊரில் அவருக்கிருந்த சொந்தபந்தம் அந்தக் குழுதான். அதை அவர் மறைத்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்களால் அவர் தினமும் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பிரிவில் இருந்த நான், இணையத்தில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றிருந்தேன். ஆட்களைக் கூப்பிட்டு, வேலை பிரித்து, அணி சேர்த்துக் கொடுக்கும் சாட்பாட் ஒன்றை எழுதினேன். அதற்கு மேஸ்திரி என்று குழு பெயர் வைத்தது. நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்தே வைத்தேன். முகம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மேஸ்திரிக்குக் கன்னடம் பேசக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூஜை விடுமுறையில் அக்கா ஒரு சட்டம் போட்டார். மேஸ்திரி கூப்பிட்டுக் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாதவரை அணியிலிருந்து தூக்கிவிட வேண்டும். அவர் இடம் அடுத்தவருக்கு. “தாட்சண்யமே பாக்கக் கூடாது தம்பி, நானா இருந்தாலும் சரி” என்றார். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, எல்லார் கையிலும் போன் இருந்தது. சட்டம் அழகாக ஓடியது. நாங்கள் எல்லாரும் போனைப் பெட்டிக்குள் கொடுத்துவிட்டு வேலை செய்கிற கூட்டம் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

விடுமுறை முடிந்து காலை ஷிஃப்டுக்குப் போன முதல் நாளே, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு மேஸ்திரி கூப்பிட்டது. மரப்பெட்டிக்குள் போன்கள் வரிசையாக மினுங்கியிருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வாசலில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிப் பார்த்தால், தொழிற்சாலை ஆட்கள் ஒருவர் பெயரும் அணியில் இல்லை. கேப்டன் இடத்தில், தக்காளி மண்டியில் வேலை பார்க்கும், போனைக் காதிலிருந்து எடுக்காத ராயக்கோட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் போனில் அழைத்தார்.

“நீங்க போட்ட ரூலுதானேக்கா? நான் இன்னா பண்றது?” என்றார் அவர். குரலில் சந்தோஷம் வழிந்தது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “போன் பெட்டிக்குள்ள கெடக்கு, நான் லைன்ல கெடக்கேன். உன் மேஸ்திரி நாங்க செத்தே போய்ட்டோம்னு நெனச்சிருச்சா?” என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. தானே கட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல அவர் நின்றது எனக்குத் தாங்கவில்லை. கேப்டனை மட்டும் தொடாதே என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன், முடிந்தது என்றேன்.

“ஊரே பாக்குற எடத்துல என் பேர மட்டும் எழுதி வப்பியா? கேட்ல நிக்கிற இவங்களையெல்லாம் யாரு சேக்குறது?”

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கழற்றிக் கொடுத்துவிட்ட டோக்கனுக்காக அவர் கை கழுத்தைத் தடவியது. சட்டென்று, “பெட்டிக்குள்ள போன வைக்கிறப்ப டோக்கன் தாராங்கள்ல? அதையே மேஸ்திரியும் குடுக்கட்டும்” என்றார். உள்ளே போகுமுன் ஒருவர் குழுவில் ‘டோக்கன்’ என்று அனுப்பினால் மேஸ்திரி அவர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று கேட்டேன். “திரும்பி வர்ற வரைக்கும்” என்றார். பதில் வாசகமும் அவர் சொன்னதுதான்: ‘போயிட்டு வாங்க. உங்க எடம் இருக்கு.’ ஆளுக்கு இன்னொரு டீ வருவதற்குள் அதற்கான முதல் வரிகளை எழுதிவிட்டேன். அந்த ஞாயிறு கிருஷ்ணகிரி அணியிடம் தோற்றோம், ஆனால் எல்லாரும் சேர்ந்து தோற்றோம்.

இப்போது நான் எல்லை தாண்டி, கர்நாடகத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். போன் நாளெல்லாம் மேசை மேலேயே கிடக்கிறது; கேட்பாரில்லை. அக்கா கல்யாணமாகி, போன வருஷம் பிரசவத்துக்கு ஊருக்குப் போனார். பேருந்து ஏறுமுன் ‘டோக்கன்’ என்று அனுப்பினார். மாதங்கள் ஓடின. புதிதாக வந்தவர்கள் கேப்டன் இடம் ஏன் சும்மா கிடக்கிறது, எடுத்துவிடலாமே என்று கேட்டபோது, ராயக்கோட்டைக்காரர்தான் சீறினார்: “மேஸ்திரியே வச்சினு இருக்குது, எடுக்கிறதுக்கு நீ யாரு?” அதைப் படித்த அன்று அவர்மேல் எனக்கு இருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

சென்ற ஞாயிறு மதியம் குழுவில் ஒரு வரி வந்தது: ‘வந்துட்டேன்.’ மூன்று மொழியிலும் கூச்சல் கிளம்பியது. மேஸ்திரி அணியை அறிவித்தது, கேப்டன் பெயர் முதலில். ஆட்டம் தொடங்கவே இல்லை, அதற்குள் அக்காவிடமிருந்து அடுத்த வரி: ‘பாப்பா முழிச்சிருச்சு. டோக்கன்.’

மேஸ்திரி உடனே பதில் சொன்னது: ‘போயிட்டு வாங்க. உங்க எடம் இருக்கு.’