ஆவி காட்டாத நூல்

ராயப்பேட்டையில் ஜரிகைப் பூ வேலை செய்யும் அஸ்மத்துன்னிசா பீயை மயிலாப்பூரில் எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகம் ஒன்று என் சித்தப்பாவுக்கு அகப்பட்டதும் கைநழுவியதும் அந்த அம்மாள் இழுத்துக் கட்டிய நூலால்தான். அதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பா ஸ்ரீரங்கன் பென்ஷன் வாங்கும் கணக்கு வாத்தியார். அந்த வயதில் மற்றவர்கள் உபந்நியாசம் கேட்கப் போவார்கள். இவர் மொட்டை மாடித் தொலைநோக்கியில் ஒரே ஒரு இரட்டை நட்சத்திரத்தை 1927 முதல் அளந்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வருஷா வருஷம் ஓர் ஒழுங்கில் மாற வேண்டும். பிசகினால், கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று பக்கத்திலிருந்து இழுக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிசகுக்காகத்தான் அவர் தவம் கிடந்தார்.

அளப்பதற்குக் கண் வைக்கும் இடத்தில் சின்னப் பித்தளைச் சட்டம் ஒன்று உண்டு. அதன் குறுக்கே சிலந்தி நூல் கட்ட வேண்டும். தலைமயிர்கூட அதற்குத் தடிமன். ஊரில் பலர் கட்டிப் பார்த்துக் கைவிட்ட வேலையை பீ ஒரே மத்தியானத்தில் முடித்தார். நூலின் இரு முனையிலும் மெழுகு மணி தொங்கவிட்டு, கெண்டி நீராவியில் காட்டி, அது நீளுமட்டும் நீண்டபின் அரக்கு வைத்து ஒட்டுவார். ஆவி காட்டிய நூல் எந்த மழைக்கும் தொய்யாது. கூலி கேட்டால் சிரிப்பார். "வானத்துக்குப் போற நூலுக்குக் கூலியா?" என்பார்.

1932 மே மாதம் நூல் அறுந்தது. நட்சத்திரம் நன்றாகத் தெரியும் பருவம் அது. சித்தப்பா துடித்துப்போய் என்னை அனுப்பினார். மொஹரம் பிறை பார்த்து நாலாம் நாள். அந்தப் பத்துத் துக்க நாளும் பீயின் வீட்டில் ஊசியும் நூலும் தொடமாட்டார்கள். பிறைக்கு முந்தைய நாள் அரைகுறையாக விட்ட சட்டம் ஒன்று அவரிடம் இருந்தது.

"இது ஆவி காட்டாதது தம்பி. பத்து நாளு வச்சிக்கினு அப்பால கொண்டாந்துடு. மழைக்காத்து பட்டா தொங்கிடும். வாத்தியாரய்யா கிட்ட மறக்காம சொல்லு" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் மறந்துவிட்டேன். சித்தப்பாவும் நூல் நன்றாக இருக்கிறதென்று அதையே வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷமே கணக்கில் சின்னப் பிசகு தென்பட்டது. மறு வருஷம் அது வளர்ந்தது. சித்தப்பா குழந்தைபோல் அழுதார். நானும்தான் பூரித்தேன். இங்கிலாந்து வானியல் சங்கத்துக்கு அனுப்பும் கட்டுரையை டைப் அடித்தவன் நான். அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் அடித்துக்கொண்டேன்.

போன ஐப்பசிக்குள் அவருடைய இரு கண்ணிலும் புரை விழுந்து பனிபோல் மூடிவிட்டது. "பீயை வரச் சொல்லி நூலை ஒரு தரம் பாத்துண்டு அனுப்பலாம்டா" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பீ வரவிருந்த அன்று சீமைத் தபால் கிளம்பும் நாளென்று, சித்தப்பாவிடம் சொல்லாமல் காலையிலேயே கட்டுரையைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் கொட்டும் மழையில் பீ வந்தார். "கடுதாசி போட்டாச்சா தம்பி?" என்று வாசலில் கேட்டார். "காலையிலேயே!" என்று ரகசியமாக, பெருமையாகச் சொன்னேன்.

உள்ளே போய் ஜன்னல் வெளிச்சத்தில் சட்டத்தைப் பிடித்தார். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தொங்கிக்கினு கீது ஐயா."

"எவ்வளவு?"

"மயிரிழைக்கும் கம்மி."

"நான் கண்டுபிடிச்ச இழுப்பும் அவ்வளவுதாம்மா" என்றார் சித்தப்பா.

"என் தப்புதான் ஐயா. மொஹரத்துல ஆவி காட்டாததைக் குடுத்தனுப்பிட்டேன்." என்னிடம் சொல்லியனுப்பியதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சித்தப்பா மெல்லத் தலையசைத்தார். "நல்ல வேளை, லெட்டர் இன்னும் ஆத்துலதான் இருக்கு. பொய்யை அனுப்பிட்டு உயிரோட இருக்க முடியுமா? கொண்டாடா, என் கையாலேயே கிழிச்சுடறேன்" என்று கையை நீட்டினார்.

மேஜையில் கிடந்த ஏதோ ஒரு கவரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்து நாலாகக் கிழித்தார். பீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது சீமைத் தபால் வரும் நாளெல்லாம், தபால்காரர் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.