கேலரிக்கு அடியில் ஒரு மத்தியானம்

நான் பயந்த சுபாவக்காரன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வயதில் யாரிடம் போய் வீரன் வேஷம் போடுவது? பல்லி மேலே விழுந்தால் பதறுவேன். பஸ் வேகமெடுத்தால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் நிஜமாகவே குலை நடுங்கியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு மத்தியானம்தான். எழுபதுகளில், பெரிய காஞ்சிபுரத்தில் மாநிலக் கபடிப் போட்டி நடந்த வருஷம் அது.

அந்த வருஷம் பட்டு நூல் கிடைக்கவில்லை. கிடைத்த நூல் கையில் தொட முடியாத விலை. கடைகளில் புடவை தேங்கிக் கிடந்ததால் முதலாளிகள் நெசவாளிகளான எங்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பாவு இல்லாத தறிக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது, கொட்டாவிதான் விடலாம். சிலர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார்கள். எனக்கு முதுகு ஒத்துழைக்காது.

போட்டியை மட்டும் யாரும் தள்ளிப்போடவில்லை. வெளியூர் அணிகளுக்குக் கடிதம் போயாகிவிட்டது, இனி நிறுத்தினால் ஊர் மானம் போய்விடும் என்றார்கள் விழாக் கமிட்டியார். நன்கொடை கொடுக்க வேண்டியவர்களோ பட்டுக்கடைக்காரர்கள். அவர்களே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டுவதாக இருந்த பார்வையாளர் மேடை, சவுக்குக் கழியும் நார்க்கயிறுமாக மாறியது. அதற்குக் கேலரி என்று பெயர் மட்டும் பெரிதாக இருந்தது.

கட்ட வந்தவர் ஐயம்பேட்டைப் பந்தல் மேஸ்திரி. மைதானத்து மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இங்கே கால்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கழிகள், அதன்மேல் எட்டு வரிசைப் பலகை. கமிட்டியார் பார்த்துவிட்டுக் கால்களைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"காலைக் கொறைச்சிட்டா பாரம் பூரா கயித்துக் கட்டு மேல வந்து உக்காரும் சார். கட்டு நின்னாதான் கேலரி நிக்கும்."

"அப்போ கட்டை நல்லாக் கட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்களையும் அவர்களே குறைத்தார்கள். மேஸ்திரியின் ஆட்கள் எதிர்ப்பக்கத்து ஆண்கள் கேலரியைக் கட்டினார்கள். பெண்கள் உட்காரும் கேலரி, வேலையில்லாத நெசவாளர்கள் நாலு பேரிடம் வந்தது. நான், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் பக்கத்துத் தறிக்காரன், இன்னும் இரண்டு பேர்.

மேஸ்திரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஊறப்போட்ட கயிற்றைக் கழியும் காலும் சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு முழம் வாலை அப்படியே விட்டுவிட வேண்டும். முடிச்சு போடுவதைப் பற்றி எங்களுக்குப் பாடமா என்று எனக்குள் ஒரு இளக்காரம். அறுந்த இழையை எத்தனை ஆயிரம் தடவை முடிந்திருப்போம்! இரண்டாம் நாள் மேஸ்திரி வந்து சில கட்டுகளில் தொங்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

தப்பைச் செய்தவன் நான்தான். போட்டி தொடங்கும் நாள் காலையில் தள்ளி நின்று கேலரியைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலும் கயிற்று வால் அழுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. தறியில் ஒரு முடிச்சுக்கு வால் இருந்தால் அது அச்சில் மாட்டும், இழை அறும், புடவையில் பிசிறு தெரியும். முடிச்சு போட்ட உடனே ஒட்ட நறுக்கிவிடுவதுதான் எங்கள் கைக்குப் பழக்கம். அந்தத் தொங்கலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இன்னாபா இது, பிசிறு பிசிறா தொங்கிக்கினு இருக்குது? பெரிய மனுஷங்க வர்ற எடம். நறுக்கிடலாம்" என்றேன்.

நாலு பேரும் கத்தியை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தோம். ஒன்று விடாமல் ஒட்ட நறுக்கினோம். கமிட்டிக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "நெசவாளி கை வெச்சா தனி அழகுதான்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குள் பெண்கள் கேலரி நிரம்பிவிட்டது. என் மனைவி, இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏழாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து பக்கத்துத் தறிக்காரனின் மனைவி, நிறைமாதம். முதல் ஆட்டம் முடிந்தபோது மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே எங்கள் பக்கம் வந்தார். ஒரு கட்டைத் தடவினார். மெல்லுவது நின்றது.

"வால் எங்கப்பா?"

"நறுக்கிட்டோம் மேஸ்திரி. பாக்க அசிங்கமா இருந்துச்சி."

அவர் முகம் வெளுத்ததை என் கண்ணால் பார்த்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நார்க்கயிறுப்பா இது, பட்டு நூல் இல்ல. காய காய நெகிழும். வால் இருந்தா இழுத்துக் குடுத்துக்கினு நிக்கும், இல்லன்னா முடிச்சு தானா உருவிக்கும். சத்தம் போடாத. இத்தினி பேரும் ஒரே சமயத்துல எழுந்து ஓடுனா அதுலயே சாஞ்சிடும். ஓடு, உங்க ஆளுங்கள இட்டுக்கினு வா. அடியில பூந்து பழைய கட்டு மேலயே வேற கயிறு போட்டுக் கட்டலாம்."

மேலே அத்தனை பெண்களும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், என் பார்வை ஏழாவது வரிசை ஓரத்தை விட்டு நகரவில்லை. ஆட்களைக் கூப்பிட ஓட வேண்டிய நான், முதலில் அங்கே ஓடினேன்.

"வாலாஜாபாத்துலருந்து உங்க அண்ணன் வந்துக்கிறாரு. நம்ம வீட்டு வாசல்ல நிக்கறாரு. சீக்கிரம் வீட்டுக்குப் போ" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக இறங்கினாள். ஒவ்வொரு பலகையும் அவள் காலடியில் முனகியது. நிறைமாதக்காரி, "போயிட்டு வாக்கா, எடத்த நான் பாத்துக்கறேன்" என்று ஓரத்துக்கு நகர்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடியில் புகுந்தேன். பகலிலும் அங்கே அரை இருட்டு. பலகை இடுக்குகளில் கால்கள், கொலுசுகள், புடவைக் கரைகள். மைதானத்தில் யாராவது கபடி பாடிப் போய் எதிரணிக்காரன் ஒருவனைத் தொட்டுவிட்டால் மேலே எல்லோரும் காலைத் தட்டுவார்கள். நார்த்தூசு எங்கள் கண்ணில் கொட்டும், கழிகள் கிறீச்சிடும். ஒவ்வொரு தடவையும் முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கட்டு நான் கை வைக்கும்போதே ஒரு விரலளவு உருவியது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மா என்று அலறிவிட்டேன். நல்லவேளை, மேலே இருந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்துத் தறிக்காரன் ஓடிவந்து கயிற்றைச் சுற்றி இறுக்கினான். அது ஏழாவது வரிசை ஓரத்துக் கால்.

அவன் இடுக்கு வழியாக மேலே பார்த்தான்.

"உன் வூட்டுக்காரம்மா காணோமே?"

"வீட்டுக்குப் போயிட்டா."

"நல்லதாப் போச்சி" என்றான். அவன் குரலில் சந்தேகமே இல்லை. "என் வூட்டுக்காரிய எறங்கச் சொல்லலாம்னு பாத்தேன். காரணம் கேப்பா, பயந்து போயி அவசரத்துல எங்கயாச்சும் தவறி விழுந்துட்டான்னா? அதான் சீக்கிரம் கட்டிடலாம்னு."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுத்த காலுக்கு நகர்ந்தேன். கடைசி ஆட்டம் முடிவதற்குள் எல்லாக் கட்டுகளுக்கும் மேல்கட்டு போட்டுவிட்டோம், இந்தத் தடவை வாலோடு. கேலரி சாயவில்லை. பெண்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டில் என் மனைவி உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்காக உலை வைத்து, வடித்து, வாசலை எத்தனை தடவை எட்டிப் பார்த்தாளோ. எதற்கு இப்படி விளையாடினீர்கள் என்று கேட்டாள். எனக்கு அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னேன். அவளும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரிஞ்சிக்கினே நெறமாசக்காரிய அங்க உட்டுட்டு வந்தீங்களா?" என்றாள்.

"எல்லாரும் எழுந்தா சாஞ்சிடும்னு மேஸ்திரி சொன்னாரு."

"என்கிட்ட நெசத்தச் சொல்லியிருந்தா, 'வாங்கடி, தண்ணி குடிச்சிட்டு வரலாம்'னு ஒவ்வொருத்தியா எறக்கியிருப்பேனே. முதல்ல அவள எறக்கியிருப்பேனே."

அவள் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரி பத்திரமாக வந்துவிட்டாளா என்று தன் கண்ணாலேயே பார்க்கப் போனாள். கதவு திறந்தே இருந்தது. அங்கே இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்டது. என் மனைவி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கதி என்ன என்று, சுவரோடு சாய்ந்து நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.