வந்துட்டேன் என்று சொன்ன சிப்

1. மாப்பிள்ளை முகமும் மாலையும்

திண்டிவனத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய எல்இடி திரையில் மாப்பிள்ளையின் படம் வந்தது. கோட்டு, கூலிங்கிளாஸ், நெற்றியில் விழுந்த முடி எல்லாம் சரியாக இருந்தன. மார்புக்குக் கீழே மட்டும் வேறு படம். சாமந்தி மாலை, இரண்டு குத்துவிளக்கு, 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து, அதற்கும் கீழே வளவனூரில் காலமான ஒரு பெரியவரின் பெயர்.

நான் அந்த மண்டபத்தில் இல்லை. விழுப்புரத்தில் என் வீட்டில் தோசைக்கு மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, அரைத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா போன் செய்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன பெட்டியதான வாங்கனேன். மாப்பிள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டுடுச்சுக்கா. அவங்க மாமா வந்து ஒயர புடுங்கிட்டாரு. பொண்ணு மேடையிலயே அழுதுக்கினு இருக்குது."

"படம் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"இன்னாக்கா கேள்வி இது. எல்லாரும் பாக்கற வரைக்கும் நின்னுச்சு."

பிலோமினா திண்டிவனத்தில் எல்இடி திரை வாடகைக்கு விடுகிறவள். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர்த் திருவிழா, படத்திறப்பு, எதுவானாலும் அவளுடைய மினிவேன் போகும். அன்று காலையில் வளவனூரில் படத்திறப்பு, மாலையில் இந்த ரிசப்ஷன். மறுபடி முதலிலிருந்து எல்லாம் செட் பண்ணுவது பேஜார் என்று, படம் ஓட்டும் சின்னப் பெட்டியை அணைக்காமல் பேட்டரியிலேயே வேனில் கொண்டுவந்திருக்கிறாள்.

மண்டபத்து மேனேஜர் அன்றே சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா இந்த மாதிரி ஆச்சுன்னா உன் வேன் கேட்டுக்குள்ள வரக் கூடாதும்மா." ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு அதே மண்டபத்தில் அவளுக்கு வேலை இருந்தது. அது போனால் அப்புறம் புரட்டாசி. கல்யாணமே இல்லாத மாதம் முழுக்க ஊர் இந்த ஒரு கதையைத்தான் பேசிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் அவளை யார் கூப்பிடுவார்கள்?

2. எந்த ரூட்டு

என் வேலையைச் சொல்ல வேண்டும். சென்னையில் சிப் கம்பெனிகளில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கிராபிக்ஸ் டிரைவரில் வேலை செய்கிறேன். டிரைவர் என்றதும் எதிர் வீட்டுக்காரர் "எந்த ரூட்டும்மா?" என்று கேட்டார். திண்டிவனம் ரூட்டு என்று சொல்லிவிட்டேன். விளக்கப் பொறுமை இல்லை.

திரையில் படம் வரையும் சிப்புக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருள்தான் கிராபிக்ஸ் டிரைவர். எங்களுடையது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்தத்தை அனுப்பினால் அதைப் பராமரிப்பவர் படித்துப் பார்த்து, பிடித்தால் சேர்ப்பார். பிடிக்காவிட்டால் ஏன் என்று எல்லோர் முன்னாலும் எழுதுவார். தோல் தடித்தவர்களுக்கான இடம். எனக்குத் தோல் தடிக்கவில்லை, நாக்குதான் தடித்திருக்கிறது.

"தப்பு வந்தா நாமளே திருத்திக்கலாம்" என்று சொல்லி பிலோமினாவை எங்கள் டிரைவர் ஓடும் அந்தப் பெட்டியை வாங்க வைத்ததும் நான்தான். அவள் அந்த வாக்கியத்தை மறக்கவில்லை.

3. என்னுடைய கண்ணீர் அஞ்சலி

என்ன நடந்திருக்கும் என்பது போனிலேயே பாதி புரிந்துவிட்டது. அந்தச் சிப்புக்குள் இரண்டு ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் காப்பி இன்ஜின். புதுப் படத்தைக் கொண்டுபோய் நினைவகத்தில் ஓர் இடத்தில் இறக்குவான். இன்னொருவன் அந்த இடத்திலிருந்து படத்தை எடுத்துத் திரையில் வரைவான். இறக்குகிறவன் முடித்த பிறகுதான் வரைகிறவன் தொட வேண்டும். அதற்காக நடுவில் ஓர் அடையாள எண் உண்டு, அதற்கு ஃபென்ஸ் என்று பெயர். அந்த எண் வந்துவிட்டால் 'இறக்கியாச்சு' என்று அர்த்தம்.

பழைய படம் இருந்த இடத்தில்தான் புதுப் படம் இறங்கும். பெட்டியை அணைக்காததால் காலையில் ஓட்டிய படம் அங்கேயே கிடந்தது. பாதி இறங்கும்போதே வரைந்தால் மேலே மாப்பிள்ளை, கீழே காலமானவர். ஸ்லைடு மாறும்போது ஒரே ஒரு தடவைதான் பிலோமினாவின் பெட்டியில் படம் ஓட்டும் பிளேயர் வரையும். அதனால் அந்தத் தப்பு அடுத்த ஸ்லைடு வரைக்கும் அப்படியே நிற்கும்.

புரிந்து என்ன பிரயோஜனம்? என் வீட்டில் இருந்த அதே மாதிரிப் பெட்டியில் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒழுங்காக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். படத்திறப்பில் ஓட்டியதை முதலில் ஓட்டி, அப்புறம் கல்யாணப் படம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்தவரு படத்த வெச்சி வெளாடாதீங்கக்கா. அவங்க ஊட்டு ஜனங்களுக்குத் தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்க?"

அவள் சொன்னது நியாயம். அதனால் என் போட்டோவையே எடுத்து, மாலை போட்டு, குத்துவிளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' எழுதி, என் பெயரைப் பெரிதாகப் போட்டேன். தோற்றம், மறைவு என்று தேதி எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டேன். எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

"ஏன்க்கா, வேற போட்டோவே கெடைக்கலயா உங்களுக்கு?"

"இந்தப் போட்டோவுக்குச் சண்டைக்கு வர ஆள் இல்ல. உன் கல்யாண ஆல்பம் இருந்தா குடு."

கல்யாண போட்டோகிராபர் கொடுத்த படங்கள் ஒவ்வொன்றும் மலை போல இருந்தன. என் வீட்டில் தப்பு வராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. என்னிடம் இருந்தவை குட்டிப் படங்கள், கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டன. என் அஞ்சலிப் படத்தையும் ஆல்பத்தையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் பிலோமினாவின் வீட்டுக்காரர் பட்டு வேட்டி சட்டையில் திரையில் வந்தார். கழுத்து வரைக்கும் அவர். அதற்குக் கீழே என் மாலை, என் பெயர்.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கை தட்டினேன். தேடுகிற பக், அதாவது மென்பொருள் தப்பு, கண்ணெதிரே நின்றால் எங்களுக்கு அப்படித்தான். பைத்தியம் என்று அவள் நினைத்திருப்பாள்.

4. கொஞ்சம் தூங்கட்டும்

காத்திருப்பதில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். வரைகிறவன் எண்ணைப் பார்த்ததும் உடனே பாய்கிறான், கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகட்டும் என்று ஒரு சின்னத் தாமதத்தைச் சேர்த்தேன். தப்பு போய்விட்டது. திருத்தத்தை அனுப்பினேன்.

அந்த டிரைவரைப் பராமரிப்பவர் வெளிநாட்டுக்காரர், அளந்து எழுதுகிறவர். பதில் ஒரே வரி: 'இவ்வளவு தாமதம் போதும் என்று எப்படித் தெரியும்?'

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இங்கே ஒருத்தியின் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குத் தத்துவம் கேட்கிறதா என்று தோன்றியது. தாமதம் சேர்த்த டிரைவரை பிலோமினாவின் பெட்டியில் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவர் சேர்த்தால் சேர்க்கட்டும், போனால் போகட்டும்.

மறுநாள் பிலோமினா போன் செய்தாள். "அக்கா, இன்னும் பெரிய படமா போட்டுப் பாத்தேன். மறுபடி நீங்க செத்துட்டீங்க."

அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதம் வைக்கலாம். இன்னும் பெரிய படம் வரும். இது முடிகிற பேச்சு இல்லை.

5. ஆறிய டீ

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பிலோமினா எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. நம் ஊரில் இதைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளம்பிவிட்டேன் என்றால் செருப்புத் தேடுகிறார் என்றும், வந்துவிட்டேன் என்றால் பஸ் ஏறிவிட்டார் என்றும் நாமே கணக்குப் பண்ணிக்கொள்வோம்.

பிலோமினா அன்று கணக்குப் பண்ணவில்லை. அவளுக்கு இருந்த அவசரம் அப்படி. விக்கிரவாண்டி டோல்கேட், கூட்டேரிப்பட்டு எல்லாம் தாண்டி நான் அவள் கடைக்குள் நுழைந்தபோது மேஜையில் ஒரு டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"வந்துட்டேன்னு சொன்னீங்களேன்னு ஜல்தியா சொல்லி வாங்கி வெச்சேன். எங்கக்கா வந்தீங்க நீங்க? டீயும் ஆறிப்போச்சு, நானும் வாசலயே பாத்துக்கினு நின்னேன்."

"பஸ்ல ஏறிட்டேன்னுதான்..."

"அப்ப ஏறிட்டேன்னு சொல்லணும். வந்துட்டேன்னா வந்துட்டேன்னுதான் அர்த்தம்."

அந்த ஆறிய டீயைக் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் காத்திருக்கிறவனைத்தான் அவசரக்குடுக்கை என்று திட்டிக்கொண்டிருந்தேன். வாக்கு சொன்னவனைச் சந்தேகிக்கவே இல்லை. காப்பி இன்ஜின் 'இறக்கியாச்சு' என்று எண்ணைப் போடுகிறானே, அதை அவன் எப்போது போடுகிறான்?

அங்கேயே டிரைவரின் அந்தப் பகுதியைத் திறந்தேன். சிப்பிடம் அந்த எண்ணை இரண்டு விதமாகக் கேட்கலாம். கட்டளையைப் படித்ததும் எழுது என்று சொல்லலாம். கட்டளையின்படி படத்தின் கடைசிப் புள்ளியும் நினைவகத்தில் இறங்கிய பிறகு எழுது என்றும் சொல்லலாம். எங்கள் டிரைவர் முதல் விதமாகக் கேட்டிருந்தது. பழைய சிப்பில் எல்லா வேலையையும் ஒருவனே வரிசையாகச் செய்ததால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. புதுச் சிப்பில் ஆட்கள் இரண்டானார்கள், அந்த வரியை யாரும் மாற்றவில்லை. பஸ் ஏறியதும் வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது சிப்.

திருத்தம் ஒரு வரிதான். தாமதத்தை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். பிலோமினா தன்னிடம் இருந்த பெரிய படங்களையெல்லாம் மாற்றி மாற்றி ஓட்டினாள். நான் சாகவே இல்லை. அவள் வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை அவராகவே வந்தார்.

இதே தப்பு திரும்ப வராமல் இருக்க ஒரு சோதனையும் எழுதி அனுப்பினேன். அந்தச் சோதனைக்கு ஆங்கில எழுத்தில் 'வந்துட்டேன்' என்று பெயர் வைத்தேன். பராமரிப்பவர் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். 'எங்கள் ஊரில் இன்னும் வராதவர்கள் சொல்வது' என்று எழுதினேன். திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். பெயரையும் மாற்றச் சொல்லவில்லை. அவரை மனசுக்குள் திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

6. கடைசி முகூர்த்தம்

ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு நானும் மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் வாசலிலேயே நின்று பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே பெண்ணின் அம்மா ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து பிலோமினாவிடம் கொடுத்தார்.

"இதுல அவுரு படம் இருக்குதும்மா. பொண்ணோட அப்பா. முதல்ல அவுரு, அப்பறம் மாப்பிள்ள, பொண்ணுன்னு வரட்டும்."

திறந்து பார்த்தோம். மாலை, விளக்கு, மேலே 'தெய்வத்திரு' என்று எழுத்து. பிலோமினாவின் முகம் செத்துவிட்டது. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"வேணான்னு சொல்லிடட்டுமாக்கா? அந்த மாலை மாப்பிள்ள மேல வந்துச்சுன்னா இத்தோட முடிஞ்சுது. நீங்க சரியாயிடுச்சுன்னு போன வாட்டியும் சொன்னீங்க."

சொன்னேன்தான். தாமதம் வைத்துக் கொடுத்த அன்று. இந்தத் தடவை வாயால் சொல்ல மனசு வரவில்லை.

"இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். ஜனங்க வர்றதுக்குள்ள இங்கயே ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

காலியாக இருந்த மண்டபத்தில் பெண்ணின் அப்பாவையும் மாப்பிள்ளையையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். சேர் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அலுத்துப்போகும் வரை ஓட்டினோம். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்த பிறகுதான் எனக்குத் திருப்தி வந்தது. "போடு" என்றேன்.

மாலையில் கூட்டம் நிறைந்தது. திரையில் பெண்ணின் அப்பா வந்தார். மேடையில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்து மாப்பிள்ளை. நெற்றி, கோட்டு, கீழே பளபளக்கும் ஷூ வரைக்கும் மாப்பிள்ளை. பிலோமினா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மேனேஜர் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

இளைய பிள்ளைகள் இந்த வேலைக்கு வந்தால் நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. முடிந்தது என்று யார் சொன்னாலும், எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாய் என்று கேளுங்கள். சிப்பிடம் கேளுங்கள், உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதம் வைத்துச் சமாளிப்பது அந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படுகிறவர்களின் வேலை. நானும் பயந்தவள்தான்.

சாப்பாடு முடியும் நேரத்தில் பெண்ணின் அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் தாம்பூலப் பை இருந்தது.

"இன்னொரு வாட்டி அவர வர வைம்மா. கூட்டத்துல நான் சரியாப் பாக்கல."

பிலோமினா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினாள். அவர் முழுசாக வந்து நின்றார்.